விண்ணப்பத்தில் இருக்கும் பெயர்

நான்: மகப்பேறு உதவித்தொகைக்குச் செவிலியர் அக்கா இன்று பதிவு செய்துவிட்டுப் போனார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் என்றார். பெரியம்மா, அவர் யார்? பேர் மட்டும்தான் தெரியும்.

பெரியம்மா: நம் புதுக்கோட்டைக்காரர் கண்ணு. 1886இல் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தது. ராஜாதான் அனுமதி கொடுத்தார். அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர்.

தம்பி: இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று பரீட்சைக்குப் படித்தேன்.

பெரியம்மா: பிரிட்டிஷ் இந்தியாவில் என்று எழுது ராஜா. ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானங்கள் தனிக் கணக்கு.

மாமா: அக்கா, அவர் நியமன உறுப்பினர்தானே? தேர்தலில் நிற்கவில்லையே.

பெரியம்மா: ஆமாம்ப்பா. அந்த 1926 தேர்தலில்தான் பெண்களே முதன்முதலாக நிற்க முடிந்தது. சுதந்திரப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமி நியமனமாக உள்ளே போனாலும், துணைத் தலைவராக அவரைச் சென்னை மாகாணச் சட்டசபையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

அண்ணி: பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழித்தவர் அவர்தானே அத்தை?

பெரியம்மா: அதைத்தான் சொல்ல வந்தேன். அவர் அம்மா சந்திரம்மாள் அந்த மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்திருப்பார்கள். இவர் சபையில் எழுந்து நின்று பேசினார். காங்கிரஸின் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிகளிலும் பலர் எதிர்த்தார்கள். தேவதாசிக் குடும்பத்திலிருந்து வந்து அந்த முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இவர் பக்கம் நின்றார்.

பெரியம்மா: இதைக் கவனமாகப் படியுங்கள். கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்று இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும், சோற்றுக்கு வழியில்லை. அப்புறம் எப்படி ஒருத்தி வெளியே வருவாள்? 1929இல் இவர் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. வெறுமனே தடை போட்டிருந்தால் அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த யோசனைதான்.

நான்: இது எனக்குத் தெரியவே தெரியாது பெரியம்மா.

மாமா: பொட்டு கட்டுவதை, அதாவது பெண்ணைத் தேவதாசியாக்கும் சடங்கைத் தடை செய்யும் சட்டம் 1947இல்தானே வந்தது?

பெரியம்மா: ஆமாம், ஓமந்தூரார் முதல்வராக இருந்த ஆட்சியில். ஆனால் 1930இலேயே, உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியைக் கைது செய்ததும் இவர் பதவியை விட்டுவிட்டார். சபையில் இருந்தது நான்கு வருடம்கூட இல்லை. அந்தச் சமயம் மூன்று தேவதாசிப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வீட்டிலேயே தங்கவைத்தார். அப்படித் தொடங்கியதுதான் ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம்.

அம்மா: அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியும் அவர் ஆரம்பித்ததுதானே அக்கா?

பெரியம்மா: அவரேதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதற்காக முப்பது வருடம் போல அலைந்து, 1954இல் 12 படுக்கையோடு தொடங்கினார்.

அம்மா: அப்பாவுக்கு அங்கேதான் வைத்தியம் பார்த்தோம். மருந்துக்கு வரிசையில் நின்ற நாளெல்லாம் ஞாபகம் வருகிறது. இந்த விவரம் எதுவும் அப்போது தெரியாது.

நான்: அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகும்போது செவிலியர் அக்காவிடமும் சொல்கிறேன்.

பெரியம்மா: சொல்லு கண்ணு. அந்த நில விஷயத்தை மட்டும் விட்டுவிடாதே.