போர் வேண்டாம் என்று பேசும் முன்னாள் போராளிகள்: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள்

மல்லாவி:
புதுக்குடியிருப்புப் பக்கம், ஒரு சனசமூக நிலையம். பேசியவர் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். 2009இல் போர் முடிந்தபோது வட்டுவாகல் பாலம் தாண்டி இலங்கை இராணுவத்திடம் சரணடைந்து, அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவர். இடது கால் இல்லை. “இனி ஒரு பிள்ளைகூடத் துவக்குத் தூக்கக் கூடாது” என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மா எழுந்தார். “தம்பி, 2008இல் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று என் மகனைக் கேட்டு வந்தீர்களே, அன்றைக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?”

அவர் மைக்கைக் கீழே வைத்தார். “உங்கள் படலை நினைவிருக்கிறது அம்மா. நீங்கள் தேத்தண்ணீர் தந்தீர்கள். நான் குடித்தேன்.”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அந்தத் தேத்தண்ணீர் என்னை இன்னும் விடவில்லை.

முத்தையன்கட்டு:
மல்லாவி அக்கா, அவர் சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன். 1983இல் கொழும்பில் எங்கள் சனத்தை வெட்டி எரித்ததைச் சொல்லாமல் போர் வேண்டாம் என்று மட்டும் சொன்னால், வேறு வேலையில்லாமல்தான் சண்டைக்குப் போனோம் என்றல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்? என் சித்தப்பா மேடை ஏறியதே இல்லை. மிதிவெடி அகற்றிக் காணியைத் திருப்பித் தந்த பிறகும் வேலியோரம் மண்வெட்டி போடமாட்டார். அங்கே புதைத்தவரே அவர்தான். “பதினொன்று வைத்தேன், ஒன்பதுதான் எடுத்திருக்கிறார்கள்” என்றார் ஒருநாள்.

கனகராயன்குளம்:
நான் சந்தித்தவர் சிங்களவர். 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது அங்கே இருந்த சிப்பாய். தண்ணீர் எடுத்த இயக்கச்சிக் கிணறுகள் கைவிட்டுப் போனதும் முகாமுக்குக் குடிநீர் இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். ஏ-9 வீதியில் எங்கள் கடையில் பஸ் நின்றது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடிக்காமல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார். தன் ஊர்ப் பொடியன்களிடம் சண்டை வேண்டாம் என்று சொல்வதால் அவர்கள் தன்னைக் கோழை என்கிறார்களாம். இதை அரைகுறைத் தமிழில், தண்ணீர் கேட்ட அதே குரலில் சொன்னார். முத்தையன்கட்டுத் தம்பி, இவருக்கும் நீங்கள் 1983ஐச் சொல்லலாம். நான் சொல்லவில்லை. தண்ணீருக்குக் காசு வாங்கவும் இல்லை.

விசுவமடு:
எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தலைக்குள் ஷெல் துண்டோடு பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பேசுகிறார். பேச்சு நடுவில் சொல் மறந்து நின்றால் பிள்ளைகள் அமைதியாகக் காத்திருப்பார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போனால் முதலில் அதைச் சொல்லுங்கள். இரும்புத் துண்டாக இருந்தால் அந்தக் காந்தம் அதை இடம் நகர்த்திவிடக்கூடும். கண்ணுக்கும் முள்ளந்தண்டுக்கும் பக்கத்தில் என்றால் பெரிய ஆபத்து. பழைய எக்ஸ்ரே படத்தை எறியாதீர்கள், கிளினிக்குக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். மல்லாவி அக்கா, அந்த அண்ணாவிடம் கேளுங்கள்: செயற்கைக் கால் கடைசியாக எப்போது அளவு பார்த்தது? வருடம் போகப் போக வெட்டிய கால் மெலியும், பழைய செயற்கைக் கால் உரசிப் புண்ணாக்கும். புண்ணோடு நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் பொருத்தும் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. தனியே போகத் தயங்கினால் நான் கூடப் போகிறேன்.