டிரெய்லர் இழுக்கும் முன் எடைத் தகட்டைப் படியுங்கள்: புதிதாகக் குடியேறியோருக்கு

புதிய நாட்டில் வீடு அமைந்ததும் கட்டில், அலமாரி, சலவை இயந்திரம் எனப் பெரிய பொருள்களை நாமே கொண்டுவர வேண்டிய தேவை பலருக்கும் வருகிறது. ஆள் வைத்து ஏற்றி இறக்கினால் செலவு கூடும் என்பதால், ஒரு சிறிய டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக் காரின் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கார் ஓட்டும் உரிமம் இருந்தாலே எந்த டிரெய்லரையும் இழுக்கலாம் என்று நம்பிப் புறப்படுவது, அபராதத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லத்தக்க அளவுக்கு ஆபத்தான நம்பிக்கை. உரிமம், பிரேக், ஆய்வு, வேகம் ஆகிய அனைத்தையும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுவிதமாக வகுத்திருக்கிறது. எனினும் அந்த விதிகளில் பெரும்பாலானவை டிரெய்லரின் எடையிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும், முதலில் செய்ய வேண்டியது டிரெய்லரின் சட்டகத்தில் பொருத்தப்பட்டிருக்கும் எடைத் தகட்டைப் படிப்பது.

அந்தத் தகட்டில் உள்ள முக்கியமான எண், சுமையோடு சேர்த்து அந்த டிரெய்லருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. புதியவர்கள் பலர் இடறும் இடம் இதுதான். டிரெய்லர் காலியாகத்தானே போகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் உரிமம் போதுமா, டிரெய்லருக்குப் பிரேக் வேண்டுமா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே அளவுகோல். சாலையோரத்தில் நிறுத்தி எடை மேடையில் ஏற்றும்போது மட்டுமே உண்மையில் ஏற்றியிருக்கும் எடை பார்க்கப்படும். இரண்டு கணக்கிலும் நீங்கள் தேற வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சாதாரண பி வகுப்பு உரிமத்தில் 750 கிலோ வரை உச்ச எடை கொண்ட டிரெய்லரை இழுக்கலாம். அதைவிடப் பெரியதாக இருந்தால், காரின் உச்ச எடையும் டிரெய்லரின் உச்ச எடையும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. 2,000 கிலோ காரோடு 1,300 கிலோ டிரெய்லர் என்றால் கூட்டுத்தொகை 3,300 ஆகிறது, சிக்கல் இல்லை. அதே காரில் 1,600 கிலோ டிரெய்லரை மாட்டினால் 3,600 ஆகிவிடும். அப்போது டிரெய்லர் முற்றிலும் காலியாக இருந்தாலும் உங்கள் உரிமத்தில் பி96 என்ற கூடுதல் பதிவு தேவை. அந்தப் பதிவு 4,250 கிலோ வரை செல்லும்; அதற்கும் மேலே போனால் பிஇ வகுப்பு உரிமம் தேவை.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2021 டிசம்பர் 16 முதல் விதி தளர்த்தப்பட்டது. 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்களும் தனித் தேர்வு எழுதாமல் 3,500 கிலோ வரை உச்ச எடை கொண்ட டிரெய்லரை இழுக்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் ஜி வகுப்பு உரிமம் 4,600 கிலோ வரையிலான டிரெய்லருக்குப் போதும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பயிலுநர் உரிமம் உள்ளவர் டிரெய்லர் இழுக்கவே கூடாது. அடுத்த கட்டமான தற்காலிக உரிமம் பெற்றுச் சிவப்பு பி பலகை வைத்திருப்பவர், காலியாக 250 கிலோவுக்கு மேற்படாத டிரெய்லரை மட்டுமே இழுக்கலாம். தாயக உரிமத்தை மாற்றிப் புதிய உரிமம் பெற்றவர்கள், அட்டையில் எந்தெந்த வகுப்புகள் பதிவாகியுள்ளன என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உரிமத்தில் இருந்த அனைத்தும் புதியதில் வந்து சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உரிமம் அனுமதிப்பதாலேயே கார் தாங்கும் என்று பொருளில்லை. காரின் தகட்டில் காரின் உச்ச எடையும், பல நாடுகளில் காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடையும் இருக்கும். பிரிட்டனில் இந்த இரண்டாவது எண் இல்லாமலோ முதல் எண்ணுக்குச் சமமாகவோ இருந்தால் அந்தக் கார் டிரெய்லர் இழுக்க ஏற்றதல்ல. விளம்பரத் தாளில் 1,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தாலும், காரின் உச்ச எடை 2,000 கிலோ, கூட்டு உச்ச எடை 3,300 கிலோ என்றால், குடும்பமும் பெட்டிகளுமாகக் கார் நிறைந்திருக்கும் நாளில் உங்களால் சட்டப்படி இழுக்க முடிவது 1,300 கிலோ மட்டுமே. இதோடு இன்னொரு கணக்கும் உண்டு. டிரெய்லரின் மூக்கு, காரின் பின்னால் உள்ள டோ பால் எனப்படும் இணைப்புக் குண்டின் மீது அழுத்தும் எடை, காரின் சுமையாகவே கருதப்படும். ஆஸ்திரேலியாவில் பரவலாகச் சொல்லப்படும் டிரெய்லர் எடையில் 10 சதவீதம் என்ற அளவை எடுத்துக்கொண்டால், 2,000 கிலோ கேரவன் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) காரின் பின்பகுதியில் ஏறக்குறைய 200 கிலோவை ஏற்றிவிடுகிறது. ஐந்து பேர் அமர்ந்து, பின்னால் பெட்டிகளும் அடுக்கிய காரில் இந்த 200 கிலோவுக்கு இடமிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் கூட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

பிரேக் விதியும் எடையைப் பின்பற்றியே வருகிறது. பிரிட்டனில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். அதற்குட்பட்ட பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை, காரின் வெற்று எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக்கும், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் பிரிந்துபோனால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். ஒன்டாரியோவில் எல்லை 1,360 கிலோ. நியூசிலாந்து 2,000 கிலோ வரை பிரேக் இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, காரும் டிரெய்லரும் சேர்ந்து 7 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தச் சோதனையைத் தாங்காத சிறிய காரில் கனமான டிரெய்லரை மாட்டினால், எடை எல்லைக்குள் இருந்தும் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள்.

அடுத்து இணைப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கழன்று ஓடும் டிரெய்லர் நடைபாதையில் போகிறவரின் உயிரை எடுக்கக் கூடியது. டோ பால் எல்லா இடங்களிலும் ஒரே அளவு இல்லை. நியூசிலாந்தில் 50 மில்லிமீட்டர் குண்டும் 1⅞ அங்குலக் குண்டும் புழக்கத்தில் உள்ளன, பின்னது 47.6 மில்லிமீட்டர்தான். டிரெய்லரின் மூக்கில் குண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகமான கப்ளிங் 50 மில்லிமீட்டராக இருந்து, அதைச் சிறிய குண்டின் மீது இறக்கினால் பூட்டிக்கொண்டது போலவே தோன்றும், ஆனால் பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடலாம். வட அமெரிக்காவில் 1⅞, 2, 2 5⁄16 அங்குலம் என மூன்று அளவுகள் பரவலாக உள்ளன. அளவு குண்டின் மேலும் கப்ளிங்கிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு டிரெய்லரின் முன்காலைச் சுழற்றிக் கப்ளிங்கை மேலே தள்ளிப் பாருங்கள். காரின் பின்பகுதி சேர்ந்து உயர்ந்தால் பிடித்திருக்கிறது, கப்ளிங் மட்டும் உயர்ந்தால் பிடிக்கவில்லை.

பாதுகாப்புச் சங்கிலியும் பிரேக் கம்பியும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சங்கிலி, கப்ளிங் கழன்றாலும் டிரெய்லரைக் காரோடு பிடித்து வைப்பதற்கானது. ஆகவே இரண்டு சங்கிலி இருந்தால் கப்ளிங்கின் அடியில் குறுக்காக மாட்டுவார்கள். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலிகளின் மேல் தங்கும். பிரேக் உள்ள ஐரோப்பிய டிரெய்லர்களில் இருக்கும் மெல்லிய கம்பி, டிரெய்லர் பிரியும்போது அதன் கைபிரேக்கை இழுத்துவிட்டுத் தானே அறுந்துபோவதற்கானது. அதைக் குண்டின் கழுத்தில் தளர்வாக மாட்டிவிட்டால், குண்டிலிருந்து நழுவிப் பிரேக்கை இழுக்காமலே போகலாம். குண்டைத் தாங்கும் சட்டமான டோ பாரில் அதற்கென உள்ள வளையத்தில் கொக்கியை மாட்டுங்கள். கம்பி தரையில் உரசவும் கூடாது, வளைவில் இழுபடும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது.

ஆய்வுச் சட்டத்தில்தான் நாடுகளுக்கிடையே வேறுபாடு மிக அதிகம். ஜெர்மனியில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் 24 மாதங்களுக்கு ஒருமுறை டியூஃப், டெக்ரா போன்ற ஆய்வு நிலையம் ஒன்றுக்குச் செல்ல வேண்டும்; அடுத்த ஆய்வின் மாதமும் ஆண்டும் எண் பலகையில் ஒட்டப்பட்ட வட்ட முத்திரையில் தெரியும். நியூசிலாந்தில் வீட்டுக்கு வீடு காணப்படும் சிறிய பெட்டி டிரெய்லருக்கும் காரைப் போலவே தகுதிச் சான்று வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது மாநிலத்தைப் பொறுத்தது. குயின்ஸ்லாந்தில் 750 கிலோவுக்கும் 3,500 கிலோவுக்கும் இடைப்பட்ட டிரெய்லரை விற்கும்போது பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. ஒன்டாரியோவில் டிரெய்லரைப் பதிவு செய்து தனி எண் பலகை பெற வேண்டும். அங்கே தோட்டப் பராமரிப்பு, உணவு விநியோகம் என்று தொழிலுக்காகச் சரக்கு வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்கள், இரண்டும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் ஆண்டு ஆய்வு வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் 3,500 கிலோ வரையிலான டிரெய்லருக்கும் கேரவனுக்கும் ஆண்டுச் சோதனை கிடையாது. இதைக் கேட்டதும் பலருக்கு நிம்மதி ஏற்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதனை இல்லாத இடத்தில், டிரெய்லர் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான முழுப் பொறுப்பும் அன்று அதை இழுத்துச் செல்பவர் மீதே விழுகிறது. தேய்ந்த டயர், எரியாத விளக்கு, அளவு மீறிய எடை எதுவாக இருந்தாலும் காவலர் கேள்வி கேட்பது ஓட்டுநரிடம்தான். வாடகைக்குக் கொடுத்தவர் சரிபார்த்திருப்பார் என்ற பதில், நண்பரின் டிரெய்லர் என்ற பதில் ஆகிய இரண்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே வாடகை இடத்திலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒரு சுற்று வந்து பாருங்கள்.

அந்தச் சுற்றில் டயருக்கே அதிக நேரம் கொடுங்கள். டிரெய்லர் டயர் பெரும்பாலும் ஓடித் தேய்வதில்லை; மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று வெயிலில் காய்ந்து கெடுகிறது. பள்ளங்கள் ஆழமாக இருந்தும் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் அந்த டயரை நம்பக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. காற்றழுத்தம், சக்கர நட்டுகளின் இறுக்கம், விளக்குகள் ஆகியவற்றையும் பாருங்கள். விளக்குகளைச் சோதிக்க இன்னொருவர் பின்னால் நின்று, பிரேக் விளக்கு, இரு பக்கச் சமிக்ஞை, எண் பலகை விளக்கு என ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 7 முனை, 13 முனை என இருவகைச் செருகிகள் உள்ளதால், வாடகை இடத்துக்குப் போகும் முன்பே உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். பிரிட்டனில் காரின் எண்ணைத் தாங்கிய பலகை டிரெய்லரின் பின்னாலும் இருக்க வேண்டும்.

சுமையை ஏற்றும் விதம் சட்டத்தைவிட இயற்பியலுக்கு அதிகம் கட்டுப்பட்டது. கனமான பொருள்கள் அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னாலும், தாழ்வாக, அசையாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். கனத்தைப் பின்கோடியில் வைத்தால் மூக்கின் அழுத்தம் குறைந்து, வேகம் ஏறியதும் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஒருமுறை ஆடத் தொடங்கினால், ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகிக் காரையே சுழற்றிவிடலாம். அப்போது கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், அழுத்தி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். காரில் டிரெய்லரின் மின்பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி இருந்தால், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குவது பெரிதும் உதவும். பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சுமையை மாற்றி அடுக்காமல் பயணத்தைத் தொடரக் கூடாது.

வேக வரம்பு பல நாடுகளில் டிரெய்லருக்குத் தனி. நியூசிலாந்தில், சாலைப் பலகை 100 என்று காட்டினாலும் டிரெய்லர் இழுப்பவருக்கு 90 கிலோமீட்டர்தான். ஜெர்மனியில் பொதுவாக 80. டயர் ஆறு ஆண்டுக்கு உட்பட்டதாக இருப்பது உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றி ஒப்புதல் முத்திரை பெற்றால் நெடுஞ்சாலையில் 100. பிரிட்டனில் நடுவே தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் 50 மைல், தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார் சாலையிலும் 60 மைல். மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் உள்ள மோட்டார் சாலையில் வலக் கோடித் தடத்துக்குச் செல்லவும் அனுமதியில்லை. கேரவன் வாங்கியவர்கள் குழந்தைகளை அதில் படுக்க வைத்து ஓட்டலாமா என்று கேட்பதுண்டு. ஒன்டாரியோவில் ஓடும் கேரவனுக்குள் ஆள் இருப்பதே சட்டவிரோதம். தடை எழுதப்படாத இடத்திலும் அதைச் செய்யாதீர்கள். அங்கே இருக்கைப் பட்டையும் இல்லை, மோதலைத் தாங்கும் சுவரும் இல்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை, காரின் காப்பீடு டிரெய்லர் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்தை ஏற்றாலும், டிரெய்லருக்கும் அதிலுள்ள பொருளுக்கும் நேரும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். பழைய டிரெய்லர் வாங்குபவர்கள், எடைத் தகடோ அடையாள எண்ணோ இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். அதன் உச்ச எடையை உங்களால் நிறுவ முடியாது. பதிவு அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.