அம்மா சொன்ன மயக்கம்

போன வருடம் அம்மாவை மூன்று டாக்டர்களிடம் காட்டினோம். எல்லோரிடமும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "மயக்கமா வருது." அவர்களும் பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார்கள். மாத்திரை போட்டால் தூக்கம்தான் வந்தது.

நான்காவதாகப் பார்த்த நரம்பு டாக்டர் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "மயக்கம்னா எப்படிம்மா? கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, வீடே சுத்துதா, இல்ல நடக்கும்போது தள்ளுதா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தள்ளுதுய்யா. முகத்துல சோப்புப் போட்டுக் கண்ண மூடினா ஒரு பக்கமா சாய்ச்சிருது. ராத்திரி கரண்டு போனா சுவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் போறேன். தலை நல்லாத்தான் இருக்கு" என்றார். வீட்டில் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

டாக்டர் அம்மாவைப் பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உடனே ஆட்டம். விழாமல் அவரே பிடித்துக்கொண்டார். தட்டினால் அதிரும் கவட்டை போன்ற இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்தபோது அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண், உள்காது, பாதத்தின் உணர்வு, இந்த மூன்றையும் வைத்துத்தான் நாம் நேராக நிற்கிறோமாம். அம்மாவுக்கு 20 வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்வு மங்கிவிட்டது. அதைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் அந்தத் துணையும் போய்விடுகிறது. பல வருடமாகச் சாப்பிடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பி12 சத்தைக் குறைக்கக்கூடும் என்று அதையும் சோதித்தார். குறைவுதான். ஊசி ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் "மயக்கம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் படுக்கையில் புரண்டால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல். உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வந்தது. டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தே சரிசெய்தார். வார்த்தை ஒன்று, நோய் வேறு, வைத்தியமும் வேறு.

ஆட்டோவில் திரும்பும்போது ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "தள்ளாடுதுன்னா குடிகாரனச் சொல்ற மாதிரி இருக்கு. தள்ளாமைன்னு சொன்னா வயசாயிருச்சுன்னு விட்டுருவீங்க" என்றார். ஆறு மாதம் அம்மா பயந்தது இந்த இரண்டு வார்த்தைக்கும்தான் என்பதை இப்போது நினைத்தாலும் மனசு தாங்கவில்லை.

இப்போது குளியலறையில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. முகம் கழுவ ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம்.