‘வெட் லீஸ்’: ஈரக் குத்தகையா, குழுவுடைக் குத்தகையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். விமானப் போக்குவரத்துச் சொற்பட்டியலில், விமானத்தைப் பணிக்குழுவோடு குத்தகைக்கு விடும் ‘வெட் லீஸ்’ என்பதற்கு ‘ஈரக் குத்தகை’ என்றும், குழு இல்லாமல் விமானத்தை மட்டும் விடும் ‘டிரை லீஸ்’ என்பதற்கு ‘உலர் குத்தகை’ என்றும் முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றை ஏற்க இயலாது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலத்தில் ‘வெட்’ என்ற சொல்லைத் தாங்கிய வழக்குகள் பலவற்றின் பின்னால் மெய்யான ஓர் ஈரம் இருக்கிறது. அனுபவமற்றவரை ‘காதுக்குப் பின்னால் ஈரம் காயாதவர்’ என்கிறார்கள். பிறந்த கன்றின் உடலில் கடைசியாகக் காய்வது காதின் பின்புறம் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஜெர்மன் மொழியிலும் இதே வழக்கு உண்டு. கூடியிருப்போரின் உற்சாகத்தைக் கெடுப்பவர் ‘ஈரக் கம்பளி’ ஆனது, தீயை அணைக்க நனைத்த கம்பளியைப் போர்த்திய பழக்கத்தால். மது அருந்துவதை ‘விசிலை நனைத்தல்’ என்பது 14ஆம் நூற்றாண்டிலேயே சாசரின் கவிதையில் வந்துவிட்டது. அங்கே விசில் என்பது வாயையும் தொண்டையையும் குறிக்கும். இவற்றுள் முதலாவதை ‘பால்மணம் மாறாத’ என்றுதான் நாம் சொல்வோமே தவிர, காதையும் ஈரத்தையும் தேடிப் போகமாட்டோம். மூன்றாவதற்குத் ‘தொண்டையை நனைத்தல்’ தானாகவே பொருந்திவிடுகிறது. எந்த ஈரம், அது எதைச் செய்கிறது என்று பார்த்த பிறகே சொல்லைத் தேர்கிறோம்.

குத்தகையில் உள்ள ஈரம் எது? சிறு விமானங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடங்களில், எரிபொருளையும் சேர்த்த கட்டணத்தை ‘வெட்’ என்றும் சேர்க்காததை ‘டிரை’ என்றும் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கிடையிலான வெட் லீஸில் விமானம், பணிக்குழு, பராமரிப்பு, காப்பீடு ஆகிய நான்கையும் தருபவர் குத்தகைக்கு விடுபவர். எரிபொருள் செலவு பெரும்பாலும் எடுப்பவருடையது. அமெரிக்க விதிமுறை முழு விமானத்தையும் குறைந்தது ஒரு பணியாளரையும் தருவதையே வெட் லீஸ் என வரையறுக்கிறது. எரிபொருள் அங்கே பேச்சிலேயே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறையோ, விமானம் யாருடைய இயக்குநர் சான்றிதழின் (விமானச் சேவை நடத்த நிறுவனத்திற்கு அரசு தரும் அனுமதியின்) கீழ்ப் பறக்கிறது என்பதை அளவுகோலாகக் கொள்கிறது: விடுபவருடையது என்றால் வெட், எடுப்பவருடையது என்றால் டிரை. ஆக, ஈரம் வற்றிப்போய்ச் சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

தமிழில் ஈரத்திற்குத் தனி வாழ்வு உண்டு. ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்னும் குறளில் அது அன்பு. குத்தகை என்ற சொல்லோடு சேர்ந்தாலோ, படிப்பவர் மனத்தில் நன்செய் நிலமே முதலில் எழும்.

ஆகவே ‘வெட் லீஸ்’ என்பதற்குக் ‘குழுவுடைக் குத்தகை’ என்றும், ‘டிரை லீஸ்’ என்பதற்குக் ‘குழுவிலாக் குத்தகை’ என்றும் முன்மொழிகிறேன். சான்றிதழ் யாருடையது என்ற ஐரோப்பிய அளவுகோல் இப்பெயர்களில் நேரடியாக வெளிப்படவில்லை என்பது உண்மைதான். எனினும் குழு யாருடையதோ பெரும்பாலும் சான்றிதழும் அவருடையதே என்பதால், அதை வரையறைக் குறிப்பில் சேர்த்தால் போதும். கப்பல் துறையில் மாலுமிகள் இல்லாமல் கலத்தை மட்டும் எடுக்கும் ‘பேர்போட் சார்ட்டர்’ முறைக்கும் ‘குழுவிலாக் கலக் குத்தகை’ என்று இதே அடியிலிருந்து சொல் கிடைக்கிறது.

எஞ்சியிருப்பது ‘டேம்ப் லீஸ்’. விமானிகளை விடுபவரும், பயணியர் அறைப் பணியாளர்களை முழுதாகவோ ஓரளவோ எடுப்பவரும் தரும் ஏற்பாடு இது. டெல்லி–இஸ்தான்புல் தடத்தில் 2023 முதல் இண்டிகோ பறக்கவிட்ட துருக்கிய நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களைச் சில செய்திகள் ‘வெட்’ என்றும் சில ‘டேம்ப்’ என்றும் எழுதின. ஆங்கிலத்திலேயே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, ‘ஈரப்பதக் குத்தகை’ என்று நாமும் ஒன்றைச் சேர்ப்பது யாருக்கும் உதவாது. ‘பகுதிக்குழுக் குத்தகை’ என்பது என் பரிந்துரை. ‘விமானியுடைக் குத்தகை’ இன்னும் துல்லியமானது, ஆனால் விமானியே குத்தகைக்கு எடுப்பதாகப் பொருள்படவும் இடமுண்டு. இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழு நிறைவில்லை; விமான நிலையப் பணியில் இருக்கும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.