[சொல்லாக்கம்] ‘கானன்’: பீரங்கி வேண்டாம், வேறு சொல் வேண்டும் (சனிக்கிழமைக்குள்)

கரிசல், செவ்வாய் இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நீண்ட நாள் வாசகி. எழுதுவது இதுதான் முதல் தடவை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மேற்கத்திய இசை பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று செய்கிறோம். முதல் பாதியில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல் எழுதிய கானன், அதாவது ஒரு குரல் தொடங்கிய மெட்டையே அடுத்தடுத்த குரல்கள் சற்றுத் தள்ளி எடுக்கும் இசை. மூன்று வயலின்கள், கீழே அடிக்குரல். இரண்டாம் பாதியில் பாக் 1747-இல் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக்குக்கு அச்சிட்டு அனுப்பிய ‘இசைக் காணிக்கை’யிலிருந்து நண்டு கானன் (ஒருவர் மெட்டை முதலிலிருந்தும் மற்றவர் அதையே கடைசியிலிருந்தும் வாசிப்பது). பிள்ளைகளுக்கு ஐந்துகோட்டு நொட்டேஷன் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுரமும் ஒரு வண்ணப் பட்டையாகத் திரையில் வலமிருந்து இடமாக ஓடும். மேலே இருந்தால் உச்சம், கீழே இருந்தால் மந்தரம், பட்டையின் நீளம்தான் சுரத்தின் நீளம்.

தமிழ்க் குரல்பதிவு சனிக்கிழமை காலை. ஆங்கிலக் கையெழுத்துப் படியை ஒரு தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். ‘பரோக் பீரங்கிக்கு உயிரூட்டல்’ என்று தந்தது. ஆங்கிலத்தில் கானனுக்கும் (canon) பீரங்கிக்கும் (cannon) ஓர் எழுத்துதான் வித்தியாசம். பக்கத்து அறையிலிருந்து என் மகன் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

வேண்டிய சொற்கள் நான்கு: கானன், முதலில் தொடங்கும் குரல், பின்னால் வந்து அதையே பாடும் குரல், இப்படித் திரையில் ஓடும் குறிமுறை. நண்டு கானனுக்கும் ஏதாவது கிடைத்தால் மகிழ்ச்சி.

ஒரே ஒரு வேண்டுகோள். ‘பின்தொடர் இசை’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டேன். “ஆலாபனையில் பாடகர் பின்னாலேயே வயலின் வருமே, அதுவா மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்விதான், ஆனால் அதுவல்ல. வயலின்காரர் அந்த நேரத்தில் காதால் பிடித்து வாசிக்கிறார். கானனில் பின்குரல் பழைய வரியைப் பாடும்போது முன்குரல் புதிய வரிக்குப் போயிருக்கும். அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கணக்குதான் விஷயமே.


நாணல், செவ்வாய் இரவு 11.15

அம்மா, பீரங்கி என்று சிரித்துவிட்டீர்கள். ஆனால் உறவு இருக்கிறது! கிரேக்கத்தில் ‘கன்னா’ என்றால் நாணல். நாணல் போல நேரான கோல் ‘கனோன்’, அதாவது அளவுகோல், அதிலிருந்து விதி. அதே நாணலின் உள்துளையைப் பார்த்தவர்கள் இத்தாலியத்தில் பெருங்குழாய் என்ற பொருளில் ‘கன்னோனே’ என்றார்கள்; அது பீரங்கி ஆயிற்று. ஒரு நாணலுக்குப் பிறந்த இரு பிள்ளைகள்.

கிரேக்கருக்கு முன்பே அக்காடியத்தில் ‘கனூ’, எபிரேயத்தில் ‘கானே’. இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். கரும்புக்குத் தமிழில் என்ன பெயர்? கன்னல்! கரும்பும் கணுவுள்ள நாணல் வகைதானே. இதோடு நிற்கவில்லை. கன்னல் என்றால் நாழிகை வட்டிலும்கூட. முல்லைப்பாட்டில் பொழுது கணக்கிடுவோர் அரசனுக்கு நேரம் சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? ‘குறுநீர்க் கன்னல் இனைத்தென்று இசைப்ப’. கன்னலும் இசையும் ஒரே அடியில்! காலத்தை அளந்து தள்ளி எடுக்கும் இசைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? கன்னல் அல்லது கன்னலிசை. சொல் முடிந்தது. மற்ற மூன்றையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஒற்றுப்பிழை, புதன் காலை 6.05

நாணல் ஐயாவுக்கு, அந்த அடியில் ‘இசைப்ப’ என்றால் ‘சொல்ல’. பாடவில்லை. ஒலி ஒத்திருப்பதாலேயே எபிரேயத்திலிருந்து கரும்புத் தோட்டம் வரை வேலி போட முடியாது. இந்தக் குழுவில் இதை நான் சொல்வது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.


நாணல், புதன் காலை 6.20

இசைப்ப என்பதற்கு அங்கே ‘சொல்ல’ என்பது எனக்கும் தெரியும் தம்பி. சொல்லுவதையே இசைத்தல் என்ற மொழியைப் பற்றித்தான் பேசுகிறேன்.


வன்னி, புதன் காலை 8.30

ரீச்சர், நான் ரொறன்ரோவில் ஆலயப் பாடகர் குழுவில் நெடுங்காலமாகப் பாடுகிறேன். கானன்கள் பாடியும் இருக்கிறேன், பாடிக் கெடுத்தும் இருக்கிறேன்.

கரும்பை விட்டுவிட்டு ‘விதி’ என்ற பொருளைப் பிடியுங்கள். பழைய காலத்தில் கானன் என்பது பாட்டின் பெயரல்ல, பாட்டின் தலையில் எழுதிய கட்டளையின் பெயர். ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கும். எப்போது நுழைய வேண்டும், எந்தச் சுரத்தில், நேராகவா தலைகீழாகவா என்பதை அந்தக் கட்டளையிலிருந்து பாடகர் கண்டுபிடிக்க வேண்டும். ‘இசைக் காணிக்கை’யில் பத்துக் கானன்கள் உண்டு. அவற்றில் ஓரிடத்தில் பாக் அந்தக் கட்டளையையும் ஒளித்துவிட்டு லத்தீனில் ‘தேடினால் கண்டடைவீர்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். மத்தேயு ஏழாம் அதிகாரத்து வசனத்தின் சாயல். மன்னருக்கு வீட்டுப்பாடம்!

கத்தோலிக்கத் தமிழில் விவிலியத்தின் கானனுக்கு, அதாவது ஏற்கப்பட்ட நூல்களின் தொகுதிக்கு, ஏற்கெனவே சொல் இருக்கிறது. ‘இணைத்திருமுறை நூல்கள்’ என்கிறோமே. தேவாரக்காரர்களுக்கும் திருமுறைதான். ஆகவே முறை. முறை என்றால் விதி. முறை என்றால் ‘இப்போது உன் முறை’ என்பதும். இரண்டு பொருளும் கானனுக்குள்ளேயே இருக்கின்றன. முறையிசை என் தெரிவு.


கடலோடி, புதன் காலை 9.10

முறையிசை என்றால் ஆளையாள் முறைத்துக்கொண்டே பாடுவது என்று என் மகள் சொல்கிறாள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை எல்லாம் வேறு வந்து நிற்பார்கள். எட்டாம் வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நீங்கள் பாடம் நடத்த முடியாது.

அப்புறம் அந்த நண்டு. நான் கடற்கரைக்காரன். நண்டு பின்னோக்கி நடக்காது, பக்கவாட்டில் நடக்கும். மெட்டைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பாடுவதற்கு நண்டு என்று எவன் பெயர் வைத்தான்?


வன்னி, புதன் காலை 9.45

ஜெர்மனில் ‘கிரெப்ஸ்’ என்ற சொல் நன்னீரில் வாழும் சிங்கி இறால் போன்ற ஒன்றையும் குறிக்கும். அது பயந்தால் வாலை மடக்கி அடித்துப் பின்னோக்கிப் பாயும். பெயர் அங்கேதான் பொருந்துகிறது.


கடலோடி, புதன் காலை 9.50

அப்படியென்றால் இறால் கானன். எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.


நிரலாளன், புதன் பிற்பகல் 2.00

படத்தின் அசைவூட்டத்தைச் செய்பவன் நான்தான். இரண்டு நடைமுறைத் தகவல்கள்.

ஒன்று, திரையில் சொல்லுக்கு இடம் குறைவு. ஒன்பது எழுத்துக்கு மேல் போனால் பட்டைகளின்மேல் ஏறிவிடும்.

இரண்டு, எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குப் பெயர் வையுங்கள். பாகெல்பெல்லில் அடிக்குரல் முதலில் தனியாக எட்டுச் சுரம் வாசிக்கும். பிறகு இரண்டிரண்டு பார் (தாளக் கட்டம்) இடைவெளியில் மூன்று வயலின்களும் நுழையும். அடிக்குரல் அந்த எட்டுச் சுரத்தை 28 தடவை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும். அது கானனில் சேர்த்தி இல்லை, தரை மாதிரி. மூன்று வயலினும் ஒரே சுருதி எல்லையில் வாசிப்பதால் முதலில் போட்ட படத்தில் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நூல்கண்டு சிக்கியதுபோல் வந்தது. யார் யாருக்குப் பின்னால் என்றே தெரியவில்லை. பிறகு மூவருக்கும் தனித்தனித் தடம் பிரித்தேன். சிவப்பில் ஒரு மேடு வந்தால் இரண்டு பார் கழித்து அதே மேடு நீலத்தில், இன்னும் இரண்டு பார் கழித்துப் பச்சையில். ஒலியை அணைத்துவிட்டு ஓட்டினால்கூடக் கானன் தெரிகிறது. ஸ்டீபன் மாலினோவ்ஸ்கி 1980-களிலிருந்து இப்படிப் பட்டைகளை ஓடவிட்டு வருகிறார். அதற்கு முன்பே தானியங்கிப் பியானோவின் துளைத்தாள் சுருளிலும் இதே வடிவம்தான்.

ஆகவே குறிமுறைக்கு என் பரிந்துரை: நகர்க்குறி.


ஒற்றுப்பிழை, புதன் பிற்பகல் 2.07

நகர்குறி. ‘க்’ வராது. நகர்ந்த குறி, நகர்கின்ற குறி, நகரும் குறி: வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. ‘நகர்க்குறி’ என்றால் மாநகராட்சி எல்லையில் நட்டு வைக்கும் பலகை.


நாணல், புதன் மாலை 5.30

படத்தில் எழுத்தை ஓடவிட்டு வாசிப்பது நமக்குப் புதிதா? தேர் வடிவில் திருவெழுகூற்றிருக்கை, பாம்பு வடிவில் நாகபந்தம். சித்திரகவியின் ‘பந்தம்’ என்ற சொல்லை எடுத்து இசைப்பந்தம் என்று வைக்கலாமே?


கடலோடி, புதன் மாலை 5.41

தீப்பந்தம்.


கரிசல், வியாழன் இரவு 10.20

நாற்பத்தேழு மடல்கள் வந்துவிட்டன (இங்கே பாதிகூட இல்லை, மீதியெல்லாம் அந்தாதி பற்றி). நகர்குறி கிடைத்தது, நன்றி. கானன் இன்னும் கானனாகவே இருக்கிறது. நாளை மறுநாள் பதிவு. ஒலிக்கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. தயவுசெய்து யாராவது ஒரு சொல்லோடு மட்டும் வாருங்கள்.

அந்தாதி ஆகாது என்று நானே சொல்லிவிடுகிறேன். அந்தாதியில் ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்குகிறது. கானனில் முதலாவது முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை.


ஒற்றுப்பிழை, வியாழன் இரவு 10.48

சபையில் ஒருவர் முன்மொழிகிறார், மற்றவர் வழிமொழிகிறார். அந்த இணையை அப்படியே எடுங்கள். முன்குரல், வழிக்குரல். இசைக்கு மொத்தப் பெயர் வழிக்குரலிசை. சுருக்கமாக வழிக்குரல் என்றே விடலாம். இதில் ‘க்’ உண்டு, ஏனென்றால் ‘வழி’ இங்கே பெயர்.


நாணல், வியாழன் இரவு 11.02

‘வழிமொழி’ சம்பந்தரிடம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மூன்றாம் திருமுறையில் வழிமொழித் திருவிராகம் என்றே ஒரு பதிகம் உண்டு. தவிர, ‘குரல்’ என்பது தமிழ்ப் பண்ணில் முதல் சுரத்தின் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இளியில் நுழையும் வழிக்குரல் என்று நாளை எழுத வேண்டி வந்தால் படிப்பவன் எந்தக் குரலைப் பிடிப்பான்?


வன்னி, வெள்ளி அதிகாலை 4.15

ஐயா சொல்வது சரி. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் குரல் என்றால் குரல்தான்.

சம்பந்தர் வந்துவிட்டார் என்பதால் சொல்கிறேன். நண்டுக்கு மாலைமாற்று என்று வைக்கக் கூடாதா? அதே மூன்றாம் திருமுறை:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் ஒன்றே.


நிரலாளன், வெள்ளி காலை 7.30

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். மாலைமாற்றை ஒருவர் தலையிலிருந்தும் இன்னொருவர் வாலிலிருந்தும் ஒரே நேரத்தில் படித்தால் இருவரும் ஒரே எழுத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சேர்ந்திசை ஆகிவிடும்! பாக்கின் மெட்டு அப்படியில்லை. திருப்பினால் அது வேறு மெட்டு. அந்த வேறு மெட்டும் மூல மெட்டும் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் வித்தை.

அச்சில் அது ஒற்றை வரி, மொத்தம் 18 பார். வரியின் முடிவில் இன்னொரு க்ளெஃப் குறியைத் (வரியின் தலையில் சுர உயரத்தைக் காட்டப் போடும் குறி) திருப்பிப் போட்டிருப்பார்கள். இரண்டாமவர் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அர்த்தம். நான் திரையில் ஒரே படத்தை வைத்து இரண்டு ஒளிக்கோடுகளை விட்டிருக்கிறேன், ஒன்று இடமிருந்து, ஒன்று வலமிருந்து. ஒன்பதாம் பாரின் முடிவில் இரண்டும் ஒன்றை ஒன்று கடக்கும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான், ஆள் மாறி, பின்னோக்கி.


ஒற்றுப்பிழை, வெள்ளி காலை 7.52

அப்படியானால் ஒற்றை மெட்டு மாலைமாற்று அல்ல, இரண்டும் சேர்ந்த இணை மாலைமாற்று. இரு குரலையும் ஒருசேர எழுதிக் கடைசியிலிருந்து வாசித்தால், குரல்கள் இடம் மாறியதைத் தவிர அதே இசைதானே கிடைக்கிறது? சொல் நிற்கும்.


நாணல், வெள்ளி காலை 8.10

இதை மட்டும் நான் மறுக்கவில்லை.


கடலோடி, வெள்ளி காலை 8.12

இறால் போய்விட்டதா?


கரிசல், சனி மாலை 6.40

பதிவு முடிந்தது. நேற்றிரவு வரை கை தூக்கியவர்கள்: வழிக்குரல் 6, முறையிசை 3, கன்னல் 1 (யார் என்று சொல்லத் தேவையில்லை), ‘கானனே இருக்கட்டும், தூங்க விடுங்கள்’ 4.

நான் செய்தது இது. தொடக்கத்தில் ‘கானன்’ என்ற பெயரையும் அதற்கு ‘விதி’ என்று பொருள் என்பதையும் ஒரு தடவை சொல்லிவிட்டு, அதற்குமேல் கானன் என்றே போனோம். உள்ளே முன்குரல், வழிக்குரல். ஓடும் பட்டைகளுக்கு நகர்குறி. நண்டு வரும் இடத்தில் சம்பந்தரின் அந்த இரண்டு வரியைத் திரையில் போட்டு, எழுத்துகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ஒளிரவிட்டு, அதன் பிறகு பாக்குக்கு வந்தோம். பாடிக் காட்ட வந்த பெண் அந்த வரியை மூன்று தடவை முன்னும் பின்னும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஒலிவாங்கிக்கு முன் நின்றாள். அதற்கே கால் மணி நேர வாடகை.

முன்னோட்டத் துண்டை இணைத்திருக்கிறேன்.


நாணல், சனி இரவு 7.15

கேட்டேன். நன்றாக வந்திருக்கிறது. வழிக்குரல் வெறும் மொழிபெயர்ப்பு. கன்னலில் காலமும் கோலும் இனிப்பும் இருந்தன. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கன்னல் என்ற தலைப்பில் பதினெட்டுப் பக்கக் கட்டுரை தனி மடலில் வருகிறது.


ஒற்றுப்பிழை, சனி இரவு 7.31

முன்னோட்டத்தில் 3 நிமிடம் 12 நொடியில் கேளுங்கள். ‘வழிகுரல்’ என்கிறார். ‘க்’ இல்லை.


கரிசல், சனி இரவு 7.33

ஒலிக்கூடம் பூட்டியாயிற்று ஐயா.