ஐசியூவில் பர்க்கோல்டேரியா: எங்கே தேடுறது?

வணக்கம். மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் நர்ஸ் நான். ஐசியூவில அடுத்தடுத்து நாலு பேருக்கு பிளட் கல்ச்சர்ல (ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்கற டெஸ்ட்) பர்க்கோல்டேரியா செபேசியாங்கற பாக்டீரியா வந்திருக்கு. சரியா கை கழுவலைன்னு எங்க நர்ஸ் பிள்ளைகளைத்தான் எல்லாரும் ஏசுறாங்க. ஆனா இது ஈரத்துல வளர்ற கிருமி, சில சமயம் கிருமிநாசினிக்குள்ளயே உயிரோட கிடக்கும். அதனால ஆளை விட்டுட்டு பாட்டிலைத்தான் தேடணும்னு எனக்குப் படுது.

நாலு பேருக்கும் பொதுவா இருக்கறது லைன் ஃப்ளஷ் பண்ற, அதாவது நரம்புல போட்ட குழாயை அலசி விடற சலைன். 500 மில்லி பாட்டிலோட ரப்பர் மூடியில ஊசியைக் குத்தி அப்படியே விட்டுட்டு, பெட் பெட்டா உறிஞ்சி எடுக்கறது இங்க பழக்கம் (எத்தனை தடவை சொல்லியாச்சு!). இப்ப அதை நிறுத்தியாச்சு. அதே பேட்ச்ல திறக்காத பாட்டிலையும் தனியா எடுத்து வச்சிருக்கேன்.

பெரியாஸ்பத்திரி மைக்ரோபயாலஜி பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க டாக்டர். சலைனை ஃபில்டர் பண்ணித்தான் கல்ச்சர் போடணுமா? கிருமிநாசினி குளோர்ஹெக்சிடினையும் டெஸ்ட் பண்ணணும்னா, அதோட வீரியத்தை முறிக்க எந்த நியூட்ரலைசர் சேர்க்கறீங்க? அது இல்லாட்டி பொய்யா நெகட்டிவ் வந்துரும்ல. நாலும் ஒரே கிருமிதானான்னு ஜீன் பார்க்கற லேப் மதுரையிலயோ வேலூர்லயோ தெரியுமா? கல்ச்சர்ல வளர்ந்த கிருமியை (ஐசோலேட்) தூக்கிப் போட்றாதீங்கன்னு எங்க லேப்ல சொல்லி வச்சிருக்கேன். பேஷண்ட் பேர் இல்லாம லைன் லிஸ்ட் (ஒவ்வொரு கேஸோட விவரப் பட்டியல்) ரெடியா இருக்கு, கேட்டா அனுப்புறேன்.