காரின் பின் பூட்டில் பத்து சிடி பெட்டி: சரிபண்ணுவதா, பிடுங்கிப் போடுவதா?

மூணாம்நம்பர்_லயம்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய காடி (கார்) இப்போது என் கையில். முன்னால் ரேடியோ, பின் பூட்டில் (சாமான் வைக்கும் டிக்கியில்) பத்து சிடி போடும் சேஞ்சர், இரண்டுக்கும் நடுவே தரைக் கம்பளத்துக்கு அடியில் ஓடும் தடிக் கேபிள். எல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் மாட்டியது. இங்கே மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை கடைத்தெருவில் (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டாலும் எங்கள் வீட்டில் பழைய பேர்தான்) ஓட்டும்போது அருமையாகப் பாடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கினால் நூறு அடிக்குள் பாட்டு விக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் நின்று, கிர் கிர் என்று சிடியை இழுத்து, தள்ளி, மறுபடி இழுத்து, கடைசியில் ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். அதோடு சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்திருக்கும். கடைக்காரர் ஒருவர் மொத்தத்தையும் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு பிளேயர் போடலாம் என்றார். பக்கத்தில் நின்ற அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. தைப்பூசத்துக்கு ராவாங் வழியாகப் பத்துமலை போகும்போது அவருடைய சிடிதான் ஓட வேண்டுமாம். என்ன செய்யலாம்?

அஞ்சாங்கட்டை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி, கழற்று. அந்தப் பெட்டிக்குள் எத்தனை சாமான் ஆடுகிறது என்று ஒருநாள் மூடியைத் திறந்து பார். தட்டை இழுக்க ஒரு மோட்டார், சிடியைச் சுற்ற ஒன்று, லேசர் கண்ணை நகர்த்த ஒன்று, மகசின் என்கிற சிடிக் கூட்டில் தட்டுக்குத் தட்டு இதையெல்லாம் மேலும் கீழும் தூக்க இன்னொன்று. இருபது வருசத்துக்கு மேல் வெயிலில் வெந்த கிரீஸ் கெட்டியாகியிருக்கும், லேசரும் மங்கியிருக்கும், புது ஸ்பேர் கிடைக்காது. கணக்கையும் பார். ஒரு சிடி 74 நிமிடம், பத்து போட்டால் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். 32 ஜிகாபைட் பென்டிரைவில் சாதாரண எம்பி3 போட்டால் ஐந்நூறு மணி நேரத்தைத் தாண்டும். விரல் நீளச் சாமான், உள்ளே ஆடுவதற்கு எதுவுமே இல்லை. மேலே புளூடூத், ரிவர்ஸ் கேமரா. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய_ஒயர்மேன்:
வந்துவிட்டார் கழற்று மன்னர். பன்னிரண்டு மணி நேரப் பாட்டு போதாதா ஐயா? பினாங்கு போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும். ஐந்நூறு மணி நேரத்தை எந்தக் காதில் கேட்பீர்கள்?

லயம் தம்பி, முதலில் ஒன்று சொல். பெட்டி பூட்டில் படுத்திருக்கிறதா, நின்றிருக்கிறதா? கடைத்தெருவில் பாடுகிறது, செம்மண்ணில் விக்குகிறது என்றால் எனக்கு அங்கேதான் சந்தேகம். லேசர் செத்த பெட்டி தார்ச் சாலையிலும் பாடாது, வாசலில் நிறுத்தி வைத்தாலும் பாடாது. குலுங்கினால் மட்டும் தகராறு என்றால் குற்றம் பெரும்பாலும் கண்ணில் இல்லை, அதைத் தாங்கும் ஸ்பிரிங்கில் இருக்கும்.

செம்பனை_லோரி:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் நம் தமிழ் வானொலி மின்னல் எஃப்.எம். 96.3 வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பேன். அதற்கு ‘ரேடியோ 6’ என்று பேர் இருந்த காலத்திலிருந்து கேட்கிறேன், ஒரு சிடியும் சிக்கியதில்லை. செய்தி, பாட்டு, மரண அறிவித்தல் எல்லாம் வரும். செம்பனைக்காட்டுக்குள் ரொம்ப உள்ளே போனால் இரைச்சல் வரும், அதற்கு என்ன செய்வது.

அஞ்சாங்கட்டை:
ஒயர்மேன் அண்ணே, ஸ்பிரிங், கிஸ்பிரிங் என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? தோட்டத்துத் தூசியைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே! பெட்டி பூட்டில் இருக்கிறது, பூட்டில் இவர்கள் உரமூட்டை ஏற்றுகிறார்கள், தேங்காய் ஏற்றுகிறார்கள், மகசின் கதவைத் திறந்தே விட்டிருப்பார்கள். மாவு மாதிரிச் செம்மண் உள்ளே போய்க் கண்ணில் படிந்திருக்கும். அந்தக் கண் படிக்கும் வரிகள் ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரோன் தள்ளி இருக்கின்றன, தலைமுடியின் தடிமனில் முப்பது வரிக்கு மேல் அடங்கிவிடும். அதைப் போய்ச் செம்பனைச் சாலையில் ஓட்டுவதே முதல் தப்பு.

மூணாம்நம்பர்_லயம்:
பார்த்துவிட்டு வந்தேன். பெட்டி பின் சீட்டின் முதுகுப் பக்கம் செங்குத்தாக நிற்கிறது. அப்பாவைக் கேட்டேன், முதலில் தரையில் படுக்க வைத்துத்தான் மாட்டினார்களாம், பிறகு சாமான் ஏற்ற இடைஞ்சல் என்று அவரே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து நிமிர்த்தி வைத்தாராம். மகசின் கதவு மூடித்தான் இருக்கிறது. ஆனால் உரமூட்டை உண்மைதான் அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய_ஒயர்மேன்:
ஆகா. தம்பி, பெட்டியின் இரண்டு பக்கவாட்டிலும் காசு அளவில் ஒரு திருகு இருக்கும், பக்கத்தில் 0, 45, 90 என்றோ படுக்கை, நிமிர் என்ற பொருளில் எழுத்தோ போட்டிருக்கும். அது அலங்காரம் இல்லை. உள்ளே முழு யந்திரமும் ஸ்பிரிங்கிலும் எண்ணெய் நிரப்பிய ரப்பர் மொட்டுகளிலும் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. பெட்டி படுத்திருந்தால் எடை ஒரு பக்கம் இழுக்கும், நின்றிருந்தால் வேறு பக்கம் இழுக்கும், அதற்குத் தக்க ஸ்பிரிங்கின் முனையை இடம் மாற்றத்தான் அந்தத் திருகு. 0-இல் விட்டுவிட்டுப் பெட்டியை நிமிர்த்தினால் தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் மோதி நிற்கும். தார்ச் சாலையில் தெரியாது. பள்ளத்தில் இறங்கினால் நேராக அடி வாங்கும். இரண்டு பக்கத்தையும் 90-க்குத் திருப்பு. ஒன்றை மட்டும் திருப்பினால் முன்பைவிட மோசம்.

இன்னொன்று, புதுப்பெட்டி வரும்போது தொட்டில் ஆடாமல் இருக்க வெளியே வண்ணத் திருகுகள் போட்டிருப்பார்கள், மாட்டும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றாமலே வருசக்கணக்கில் ஓட்டி, சிடியைத் திட்டியவர்கள் எனக்கே நாலு பேர் தெரியும்.

மல்லிகைச்செடி:
பூட்டில் இருப்பதாவது பரவாயில்லை ஐயா. என் காடியில் ஆறு சிடி டேஷ்போர்டுக்குள்ளேயே போகும். ஏழு வருசம் தொல்லை இல்லை. மகன் பள்ளிக்கூடக் கலைவிழாப் பாட்டைச் சிடியில் பதிந்து, மேலே அழகாக வண்ணக் காகித லேபிள் ஒட்டிக் கொடுத்தான். பள்ளி வாசலில் ஒரு மத்தியானம் வெயிலில் நிறுத்தினேன். பசை இளகி, காகிதம் உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டு, ஆறு சிடியும் வெளியே வரவில்லை. கழற்றி எடுக்க ஒரு கடையில் 180 வெள்ளி கேட்டார்கள், லேபிளைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்கள். சிடியில் காகிதம் ஒட்டாதீர்கள், எழுத வேண்டும் என்றால் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்.

இதைப் போடுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. லோட் பட்டனை அழுத்தி, எண்ணைத் தேர்ந்தெடுத்து, வாயில் பச்சை விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். விளக்கு வருவதற்குள் தள்ளுவார், அது வாங்காது, இவர் இன்னும் தள்ளுவார். சிடி ஏற்கெனவே இருக்கிற தட்டில் இன்னொன்றைத் திணித்தால் அப்புறம் கடைதான் கதி.

அஞ்சாங்கட்டை:
அக்கா சொன்னதைக் கேட்டீர்களா? காத்திரு, தள்ளாதே, ஒட்டாதே, திருகைத் திருப்பு. பாட்டுக் கேட்பதற்கு இவ்வளவு விரதமா? சபரிமலைக்குக்கூட இத்தனை கட்டுப்பாடு இல்லை. பென்டிரைவைச் சொருகினால் முடிந்தது.

பழைய_ஒயர்மேன்:
சொருகி, அது ஸ்கிரீனில் லோகோ காட்டி, பூட் ஆகி, பாட்டு வருவதற்குள் நான் இரண்டாம் டிஸ்க்கில் மூன்றாம் பாட்டில் இருப்பேன். அப்புறம் தொடுதிரையில் ஐந்நூறு மணி நேரப் பாட்டை விரலால் தள்ளித் தேடவேண்டும், ஓட்டிக்கொண்டே. கண் மங்கிய மனிதருக்கு அது ஆகுமா? சேஞ்சரில் எண் பட்டன் கைக்குத் தட்டுப்படும், இரண்டு என்றால் பக்தி, ஐந்து என்றால் உறுமி. சத்தத்தையும் சொல்ல வேண்டும். சிடியில் ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட் போகிறது, நீங்கள் கணக்குச் சொன்ன எம்பி3 வெறும் 128.

அஞ்சாங்கட்டை:
செம்மண் சாலையில், கண்ணாடி திறந்து வைத்து, சைலென்சர் ஓட்டையான காடியில், 1,411-க்கும் 128-க்கும் வித்தியாசம் கேட்கிறதாம்! அண்ணே, உங்கள் காதுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும்.

ஆனால் லயம் தம்பி கேட்ட இன்னொன்றை யாரும் தொடவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டேஷன் அழிகிறது என்றாயே, அது ரேடியோவின் வியாதி இல்லை. பின்னால் மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட்டில் இருக்க வேண்டும், ஞாபகம் வைப்பது அதுதான். சிவப்பு ஒயர் சாவியோடு வர வேண்டும். காடிக்குள் வரும் ஒயரின் நிறம் வேறாக இருக்கலாம், நிறத்தை நம்பி முறுக்கியவன் இரண்டையும் மாற்றி முறுக்கியிருப்பான். டெஸ்டர் விளக்கு வைத்து, சாவி இல்லாமலும் எரிகிற கம்பி எது என்று பார்த்து அதை மஞ்சளில் கொடு. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு முறுக்கு, ரேடியோவுக்குக் கோட் எண் (கரண்டு போய் வந்தால் கேட்கும் திருட்டுத் தடுப்பு எண்) இருந்தால் கழற்றுவதற்கு முன் தேடி வைத்துக்கொள்.

பழைய_ஒயர்மேன்:
இதில் அஞ்சாங்கட்டை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கழற்றச் சொல்கிற ஆள் என்று நினைத்தேன், ஒயரும் தெரிகிறது.

செம்பனை_லோரி:
ஒரே கேள்வி. அந்தச் சேஞ்சரை வேறு ரேடியோவில் மாட்ட முடியாதா? என் மச்சானிடம் பழைய ரேடியோ ஒன்று சும்மா கிடக்கிறது.

பழைய_ஒயர்மேன்:
ஒரே கம்பெனியாக இருந்தால் பார்க்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி பிளக்கும் வேறு, அதில் போகும் பேச்சும் வேறு. கம்பெனி வேறு என்றால் எஃப்.எம். மாடுலேட்டர் வழியாக ரேடியோ அலையில் ஏற்றலாம், அதைக் காலியான இடத்தில் வைக்க வேண்டும், உங்கள் மின்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கதறும். எஃப்.எம். வழியில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் வராது, அதனால் நான் மாட்ட மாட்டேன்.

மல்லிகைச்செடி:
இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சேஞ்சர் கேபிள் ரேடியோவில் சொருகும் இடத்தில் சொருகுகிற மாதிரிச் சின்ன யுஎஸ்பி பெட்டி விற்கிறார்கள், ரேடியோவுக்கு அது சேஞ்சர் மாதிரி நடிக்கும். பென்டிரைவில் சிடி01, சிடி02 என்று ஃபோல்டர் வைத்தால் டிஸ்க் பட்டன் அந்த ஃபோல்டருக்குத் தாவும். உங்கள் ரேடியோவுக்குச் சரியான மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்பாவுக்கு அதே பட்டன், அஞ்சாங்கட்டை அண்ணனுக்கு அவருடைய பென்டிரைவ்.

அஞ்சாங்கட்டை:
நடிக்கிற பெட்டியா. சரி, அதற்கு நான் எதிர்ப்பு இல்லை.

மூணாம்நம்பர்_லயம்:
ஞாயிற்றுக்கிழமை முழுதும் பூட்டுக்குள்தான் இருந்தேன். திருகு இரண்டும் 0-இல்தான் இருந்தது. 90-க்குத் திருப்பினேன். மஞ்சளும் சிவப்பும் மாறித்தான் இருந்தன, டெஸ்டர் வைத்துப் பார்த்து மாற்றினேன், இப்போது ஸ்டேஷன் நிற்கிறது. சிடிகளை நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன், அம்மா வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தச் சொன்னேன். சாயங்காலம் அப்பாவை ஏற்றிக்கொண்டு பழைய ஆலை வரைக்கும் செம்மண்ணில் போனோம். பாலம் தாண்டும்போது ஒரே ஒருமுறை விக்கியது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் புரியவில்லை, ஏழாம் சிடியை எந்தத் தட்டில் போட்டாலும் எடுக்கவே மாட்டேன் என்கிறது. கீறலும் இல்லை. அது என் தங்கச்சி கல்யாணத்தில் அடித்த நாதஸ்வரம், கம்ப்யூட்டரில் பதிந்தது.

பழைய_ஒயர்மேன்:
சிடியின் மேல் ஆர்டபிள்யூ என்று போட்டிருக்கிறதா பார். அழித்து எழுதுகிற சிடி அது. கடையில் வாங்கும் சிடி லேசர் வெளிச்சத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ 15 முதல் 25 வரைக்கும்தான். உன் காலத்துப் பெட்டிக்கு அது இருட்டு. அதே பாட்டை ஒருமுறை மட்டும் பதிகிற சாதாரண சிடி-ஆரில், எம்பி3-ஆக இல்லாமல் ஆடியோ சிடியாக, மெதுவான வேகத்தில் பதிந்து, பதிவை மூடுகிற ‘ஃபைனலைஸ்’ கொடுத்து முடி. அநேகமாக எடுக்கும். லேசர் ஒருநாள் போகத்தான் போகும், அதை நான் மறுக்கவில்லை.

மூணாம்நம்பர்_லயம்:
ஆர்டபிள்யூதான் ஐயா. இன்றைக்கு ராத்திரி பதிகிறேன்.

அஞ்சாங்கட்டை:
பதி, பதி. தைப்பூசத்துக்கு நாதஸ்வரத்தோடு போ. ஆனால் தம்பி, ரிவர்ஸ் கேமரா மட்டுமாவது போட்டுக்கொள், அதற்குத் தனியாகச் சின்னத் திரை விற்கிறார்கள், ரேடியோவைத் தொட வேண்டாம். போன வாரம் மார்க்கெட் பக்கம் சாக்கடைக் கல்லில் பின்னால் போய் இடித்த பழைய காடி உன்னுடையதுதானே? நான் எதிரே ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன்.